மனநோய்களை வகுத்தறிந்த வரலாறு

உடலுக்கு வரும் நோயை அறிவதற்கு வைத்தியருக்குத் துணைகள் பல உள. காய்ச்சலை வெப்பமானி காட்டும். எலும்பு முறிவை எக்ஸ்கதிர்ப் படம் காட்டும். நீரிழிவை இரத்தப் பரிசோதனை காட்டும். ஆனால், ஒருவன் இரவு முழுவதும் உறங்காது தனியே பேசிக்கொண்டிருக்கின்றான். அயலார் தன்னைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்கின்றான். தாய் இட்ட சோற்றையும் நஞ்சென்று மறுக்கின்றான். இவனுக்கு வந்திருப்பது யாது? இதனை அளந்து காட்டவல்ல கருவி எது? அவன் கூறும் சொற்களும், அவன் நடந்துகொள்ளும் முறையும், பெற்றாரும் உற்றாரும் எடுத்துரைக்கும் செய்திகளுமே பெரும்பாலும் வைத்தியருக்குக் கிடைக்கும் சான்றுகள். அச்சான்றுகளைக் கொண்டு நோய் இன்னதென்று துணிவதே மனநோய் நிர்ணயம் எனப்படுவது.

இவ்வாறு துணிந்து இடப்படும் பெயர் எளிதானதொன்றன்று. சரியான பெயர் சரியான மருந்துக்கு வழிகாட்டும். பிழையான பெயர் ஒரு மனிதனை ஆயுள் முழுவதும் சுவர்களுக்குள் அடைத்துவிடும். பெயர் ஒன்றே கொலைக்கு ஆணையாக அமைந்த காலமும் உலக வரலாற்றில் உண்டு. ஆகவே, மனநோய்களை மனிதர் வகுத்தறிந்த வரலாறு வைத்தியர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. குடும்பத்தோடு வாழும் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் உடலில் நால்வகை நீர்கள் உள்ளன என்றும், அவை நிலை பிறழும்பொழுது நோய் தோன்றும் என்றும் கொண்டனர். தீராத துயருக்கு அவர்கள் மெலங்கோலியா எனப் பெயரிட்டனர். அச்சொல்லின் பொருள் கரும்பித்தம் என்பதாகும். மிகைப்பட்ட கிளர்ச்சியை மேனியா என்றனர். நம் நாட்டு மருத்துவமும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலைபேற்றையே உடல்நலம் எனக் கருதியது. சித்தம் கலங்கியவனைப் பித்தன் என்று தமிழர் அழைப்பதை எண்ணிப் பார்த்தால், கடல் கடந்து வாழ்ந்த இரு மக்கட் கூட்டத்தினரும் ஒரே திசையில் சிந்தித்திருக்கின்றனர் என்பது புலனாகும். வலிப்பு நோய் தெய்வத்தின் சினத்தால் வருவதன்று, ஏனைய நோய்களைப் போலவே இயற்கையான காரணம் உடையது என்று ஹிப்போகிரட்டீசின் வழிவந்த நூலொன்று கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே வாதிட்டது. பேய் என்றும் சாபம் என்றும் அஞ்சியதை நோய் என்று காணத் துணிந்ததே இவ்வரலாற்றின் முதற்படி.

அடுத்த பெரும் படியைப் பிரான்சு நாட்டிலே காண்கின்றோம். 1793 ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே, பிலிப் பினெல் என்னும் வைத்தியர் பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் விடுதிக்குப் பொறுப்பாளரானார். மனநோயாளர் ஆங்கே சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடந்தனர். பினெல் சங்கிலிகளை உடைத்தெறியும் காட்சியைப் பிற்கால ஓவியர்கள் வரைந்து புகழ் பரப்பினர். ஆயினும், பிசேத்ரில் அச்செயலை 1797 ஆம் ஆண்டில் நிறைவேற்றியவர், பினெலுக்கு உறுதுணையாயிருந்த கண்காணிப்பாளர் ஜோன் பப்தீஸ்த் பூசேன் என்பவரே. வைத்தியப் பட்டம் எதுவும் பெறாத அம்மனிதர் நோயாளரோடு அல்லும் பகலும் பழகி, அவர்தம் போக்கைக் குறித்து வைத்தார். அவரிடமிருந்து தாம் கற்றதைப் பினெலும் மறைக்கவில்லை.

பினெல் 1801 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனநோய்களை நான்காக வகுத்தார். ஒரே எண்ணத்தில் மூழ்கிய நிலை மெலங்கோலியா. வெறிக் கிளர்ச்சி மேனியா. எண்ணங்கள் தொடர்பற்றுச் சிதறும் நிலை டிமென்சியா. அறிவு முற்றாக மங்கிய நிலை இடியட்டிசம். இன்று இப்பகுப்பு மிக எளியதாகத் தோன்றலாம். எனினும், நோயாளியின் அருகில் அமர்ந்து, நாள்தோறும் கண்டதை எழுதி, எழுதியதைக் கொண்டு வகுக்கும் முறையே பினெலின் கொடையாகும். அவருடைய மாணாக்கர் எஸ்கிரோல் 1838 இல் வெளியிட்ட பெருநூலில், பிறவியிலேயே அறிவு வளராதவரையும், வளர்ந்த அறிவைப் பின்னர் இழந்தவரையும் தெளிவாக வேறுபடுத்தினார். முன்னவர் என்றுமே வறியவர், பின்னவர் செல்வத்தை இழந்தவர் என்பது அவர் காட்டிய வேறுபாட்டின் சாரம்.

இக்காலத்தில் ஓர் இளைஞர் செய்த கண்டுபிடிப்பு மனநோய் ஆராய்ச்சிக்குப் பெரு நம்பிக்கையை ஊட்டியது. மனநோய் விடுதிகளில் ஒருவகை நோயாளர் இருந்தனர். அவர்கள் தம்மை அரசரென்றும் கோடீசுவரரென்றும் கூறிக்கொள்வர், பின்னர் நாக்குழறும், கால்கள் தள்ளாடும், ஈற்றில் உடல் செயலிழந்து சில ஆண்டுகளுக்குள் மாண்டுபோவர். பித்து ஒரு நோய், வாதம் மற்றொரு நோய் என்றே வைத்தியர் எண்ணியிருந்தனர். 1822 ஆம் ஆண்டில் அந்துவான் பேல் என்பவர், தமது பட்டத்துக்கான ஆய்வேட்டில், இரண்டும் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள் என்றும், மூளையைச் சூழ்ந்த சவ்வின் அழற்சியே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். 1905 இல் சிபிலிஸ் என்னும் மேகநோயின் கிருமி கண்டறியப்பட்டது. 1906 இல் வாசர்மன் அதற்கு இரத்தப் பரிசோதனை அமைத்தார். 1913 இல் ஜப்பானியராகிய நொகுச்சியும் அமெரிக்கராகிய மூரும் இறந்த நோயாளரின் மூளையிலேயே அக்கிருமியைக் கண்டனர். ஒஸ்திரிய வைத்தியர் வாக்னர் யௌரெக் 1917 இல் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி இந்நோயைத் தணிக்க முற்பட்டு, 1927 இல் நோபெல் பரிசும் பெற்றார். பின்னர் வந்த பெனிசிலின், விடுதிகளை நிரப்பிய அந்நோயை ஏறக்குறைய ஒழித்தது.

தெளிவாக வகுத்தல், காரணத்தைத் தேடல், கண்ட காரணத்துக்கேற்ப மருந்தளித்தல் என்னும் மூன்று படிகளும் இங்கே முறையாக நிறைவேறின. ஏனைய மனநோய்களிலும் இவ்வாறே நிகழும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்போடு உழைத்தவர்களுள் தலையாயவர் எமில் கிரெப்பலின் ஆவார்.

கிரெப்பலின் 1856 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே பிறந்தார். 1886 இல், இன்று எஸ்தோனியா நாட்டில் உள்ள டோர்பாட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவருக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. நோயாளர் பலர் எஸ்தோனிய மொழி பேசினர். அவருக்கு அம்மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே உரையாட வேண்டியிருந்தது. நோயாளியின் பேச்சே முதற் சான்றாயிருக்கும் ஒரு துறையில், பேச்சு விளங்காத வைத்தியரின் நிலை எத்தகையது என்பதை எளிதில் உணரலாம். மொழி அறியாத நாட்டில் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர்க்கும், அவரை நோக்கும் வைத்தியர்க்கும் இவ்விடர் இன்றும் நீங்கியபாடில்லை.

1891 இல் ஹைடல்பேர்க் நகருக்கு வந்த கிரெப்பலின் புதியதொரு முறையைக் கையாண்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வகுத்து, நோய் தொடங்கிய வயது, அறிகுறிகள், நோயின் போக்கு என்பவற்றைச் சுருக்கமாக எழுதினார். நோயாளி வீடு சென்ற பின்னரும் அவர் நிலையை விசாரித்து அட்டையில் சேர்த்தார். ஒருநாள் காணும் தோற்றத்தைக் கொண்டு நோயைப் பெயரிடலாகாது. அது தொடங்கிய விதமும் நடந்த விதமும் முடிந்த விதமும் ஒருங்கே நோக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று வெறிகொண்டு பாடும் இருவர் ஒருவரைப் போல மற்றவர் தோன்றலாம். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் ஒருவர் நலமுற்றுத் தம் தொழிலைச் செய்துகொண்டிருப்பார். மற்றவர் எவரோடும் ஒட்டாது ஒடுங்கிப் போயிருப்பார்.

இக்கொள்கையின் பயனாக, 1899 இல் வெளிவந்த தமது பாடநூலின் ஆறாம் பதிப்பில் கிரெப்பலின் கடும் மனநோய்களுள் இரு பெரும் பிரிவுகளை நிலைநாட்டினார். கிளர்ச்சியும் சோர்வும் மாறி மாறி வந்து, இடையிடையே தெளிவும் காண்பது ஒன்று. அதனை இன்று இருதுருவ மனநிலைக் கோளாறு என்கின்றோம். இளமையில் தொடங்கி, சிந்தனையையும் உணர்ச்சியையும் படிப்படியாகக் குலைப்பது மற்றொன்று. அதற்கு அவர் இளமைக்கால அறிவுத்தேய்வு எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். ஆனால், அந்நோயாளருள் ஒரு பகுதியினர் நலமடைவதை அவரது சொந்த அட்டைகளே காட்டின. 1920 ஆம் ஆண்டில், தம் முதுமையில், இவ்விரு நோய்களையும் பிரிக்கும் எல்லை எப்போதும் தெளிவாயில்லை என்று கிரெப்பலின் தாமே எழுதினார்.

சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியர் ஒய்கன் புளொய்லர் 1908 இல் அப்பெயரையே மாற்றினார். இந்நோய் எப்போதும் இளமையில் வருவதுமில்லை, எப்போதும் அறிவுத்தேய்வில் முடிவதுமில்லை என்று கண்ட அவர், சிசோபிரினியா என்னும் சொல்லைப் படைத்தார். தமிழில் மனச்சிதைவு என்று வழங்குவது இதுவே. ஓர் உடலில் இரண்டு ஆட்கள் குடியிருத்தல் என்று பொதுமக்கள் இதற்குப் பொருள் கொள்வது தவறு. எண்ணம், உணர்ச்சி, விருப்பம் என்பவை ஒன்றோடொன்று இசையாது பிரிந்து நிற்றலையே அச்சொல் குறித்தது.

இதே காலத்தில் மற்றொரு வாயிலும் திறந்தது. 1901 ஆம் ஆண்டில், பிராங்பேர்ட் நகரத்து வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண்ணொருத்தி கொண்டுவரப்பட்டாள். கணவனின் பெயரையும் தன் பெயரையும் குழப்பினாள். காட்டிய பொருளின் பெயரைச் சற்று நேரத்தில் மறந்தாள். அவளை விசாரித்து ஒவ்வொரு விடையையும் எழுதி வைத்தவர் அலோயிஸ் அல்சைமர். 1906 இல் அவள் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, நரம்பணுக்களில் முறுக்குண்ட இழைகளையும் அவற்றுக்கிடையே படிவுகளையும் கண்டார். 1910 இல் கிரெப்பலின் தமது நூலின் எட்டாம் பதிப்பில் அதனை அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். படுக்கையருகே கேட்ட விடையும் நுணுக்குக்காட்டியில் கண்ட மாற்றமும் ஒரே ஏட்டில் இணைந்தமையே அப்பெயர் நிலைத்தமைக்குக் காரணம்.

இதுவரை கூறியவை அறிவின் வெற்றிகள். இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் தகாது.

1851 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்னும் வைத்தியர் ஒரு புதிய நோயைக் கண்டதாக அறிவித்தார். அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் தம் எசமானரை விட்டுத் தப்பியோட விரும்புவதே அந்நோய் என்றார்; அதற்கொரு கிரேக்கப் பெயரும் இட்டார். விடுதலை வேட்கையே பிணியாகவும், சவுக்கடியே மருந்தாகவும் கூறப்பட்டன. ஆள்வோரின் வசதிக்காக நோயின் பெயர் படைக்கப்படலாம் என்பதற்கு இஃது என்றும் மறவாத சான்று.

அதனினும் கொடியது இருபதாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் நிகழ்ந்தது. 1933 இல் ஹிட்லரின் அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, வலிப்பு, பிறவி அறிவுக்குறை முதலிய பெயர்களைப் பெற்றவர்கள் பிள்ளை பெறாதவாறு கட்டாய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாக்கப்பட்டனர். அவர்களின் தொகை நான்கு இலட்சத்தை எட்டியது என்று மதிப்பிடப்படுகின்றது. அச்சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவரான ஏர்ன்ஸ்ட் ரூடின், ஒருகாலத்தில் கிரெப்பலினுடன் பணியாற்றியவர். 1939 இல் மனநோய் விடுதிகளுக்கெல்லாம் படிவங்கள் அனுப்பப்பட்டன. நோயின் பெயர் யாது? விடுதியில் எத்தனை ஆண்டு? வேலை செய்ய இயலுமா? இவையே அவற்றிற் கேட்கப்பட்டவை. நிரப்பப்பட்ட படிவங்களை, நோயாளியின் முகத்தையும் காணாத வைத்தியர்கள் பார்த்துச் செந்நிறக் குறியிட்டனர். அக்குறி பெற்றவர்கள் ஆறு நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்ட் மாதத்துக்குள் மாண்டவர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அதன் பின்னரும் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் தொடர்ந்தன. நோயைக் குறிப்பதற்கென வைத்தியர் ஆக்கிய பெயர்கள், அவ்வைத்தியராலேயே மரணப் பட்டியலாக்கப்பட்டன.

போருக்குப் பின்னர் உலக நாடுகள் நோய்களுக்குப் பொதுப் பெயர்களை வகுக்க முயன்றன. 1948 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்களின் உலகப் பட்டியலின் ஆறாம் திருத்தத்தில் மனநோய்களுக்கு முதன்முறையாகத் தனியிடம் கிடைத்தது. ஆனால், மிகச் சில நாடுகளே அதனைப் பின்பற்றின. வியன்னாவிற் பிறந்து, நாசிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்தில் புகலடைந்த ஏர்வின் ஸ்டெங்கல் என்பவர், உலக சுகாதார தாபனத்தின் வேண்டுகோட்படி நிலைமையை ஆராய்ந்து 1959 இல் அறிக்கை வெளியிட்டார். நாட்டுக்கொரு பெயரும் ஆசிரியருக்கொரு பகுப்பும் வழங்குவதை அவர் அதில் எடுத்துக்காட்டினார்.

பெயர் எதுவாயினும் சிகிச்சை ஒன்றே என்றிருந்த காலத்தில் இக்குழப்பம் பெரிதாகத் தோன்றவில்லை. மருந்துகள் வந்தபின் நிலை மாறியது. 1949 இல் அவுஸ்திரேலியாவின் ஜோன் கேட், லிதியம் என்னும் எளிய உப்பு மேனியாவைத் தணிப்பதை அறிவித்தார். 1952 இல் பாரிஸ் நகர வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்னும் மருந்தின் ஆற்றலை வெளியிட்டனர். இப்பொழுது நோயாளியின் பெயர்ச்சீட்டு அவன் வாழ்வையே தீர்மானித்தது. லிதியத்தால் நலமடையக்கூடிய ஒருவனை மனச்சிதைவுக்காரன் என்று எழுதிவிட்டால், அவனுக்கு அம்மருந்து கிட்டாமலே போகலாம்.

இது வெறும் ஐயமன்று. அமெரிக்க வைத்தியசாலைகளில் மனச்சிதைவு மிகுதியாகவும், பிரித்தானிய வைத்தியசாலைகளில் மனநிலைக் கோளாறு மிகுதியாகவும் பதிவாகியிருந்தன. மக்கள் வேறுபட்டவரா, வைத்தியர் வேறுபட்டவரா என்று அறிய நியூயோர்க்கிலும் இலண்டனிலும் ஆய்வொன்று நடத்தப்பட்டது. ஒரே வகையான வினாக்களைக் கொண்டு ஆய்வாளர்கள் நோயாளரை விசாரித்தபோது, இரு நகரங்களுக்குமிடையேயான வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. நோயாளரின் நேர்காணலைப் படமாக எடுத்து இரு நாட்டு வைத்தியர்க்கும் காட்டினர். ஒரு குறிப்பிட்ட நோயாளியை அமெரிக்க வைத்தியருள் நூற்றுக்கு 69 பேர் மனச்சிதைவுடையவர் என்றனர். பிரித்தானியருள் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு 2 பேரே. அட்லாண்டிக் கடலைக் கடந்தால் நோயின் பெயர் மாறிவிடுமாயின், அப்பெயரை எங்ஙனம் நம்புவது?

1973 ஆம் ஆண்டில் இவ்வினா பொதுமக்கள் முன்னே வந்தது. அமெரிக்க உளவியல் பேராசிரியர் டேவிட் ரோசன்ஹான், தாமும் வேறு ஏழு பேரும் பன்னிரண்டு வைத்தியசாலைகளுக்குச் சென்று, காதில் ஏதோ குரல் கேட்பதாக மட்டும் பொய் கூறியதாகவும், எல்லோரும் நோயாளராகச் சேர்க்கப்பட்டதாகவும், சராசரியாக 19 நாள்கள் அடைக்கப்பட்டிருந்ததாகவும் ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகம் திகைத்தது. ஆனால், 2019 இல் பத்திரிகையாளர் சுசானா கஹலான் பழைய பதிவுகளை ஆராய்ந்து, ரோசன்ஹான் தம் அறிகுறிகளை எழுதியதிலும் கூடுதலாகவே வைத்தியரிடம் கூறியிருந்தார் என்றும், ஏனையோர் சிலரைப் பற்றிய செய்திகள் நம்பத்தக்கனவாக இல்லை என்றும் காட்டினார். அந்தப் பத்திரிகையாளர் தாமே 2009 இல் மனநோயாளி எனக் கருதப்பட்டவர். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும், 2007 இல் மட்டுமே விளக்கப்பட்ட, ஓர் அழற்சி நோய் அவருக்கு இருந்ததென்று பின்னர் அறியப்பட்டது. உரிய சிகிச்சையால் அவர் நலமடைந்தார். பேல் காலத்துப் பாடம் இரு நூற்றாண்டின் பின்னரும் பயன்பட்டது.

1973 இன் இறுதியில் அமெரிக்க மனமருத்துவர் சங்கம் ஒருபால் விருப்பத்தை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார தாபனம் 1990 இல் அவ்வழியைப் பின்பற்றியது. மறுபுறத்தில், சோவியத் நாட்டில் அரசை எதிர்த்தவர்கள் சிலர் மந்தமாக வளரும் மனச்சிதைவு உடையவர் எனப் பெயரிடப்பட்டு வைத்தியசாலைகளில் அடைக்கப்பட்டனர். பெயரிடும் அதிகாரத்தை யார் காவல் செய்வது என்னும் வினா இரு நிகழ்ச்சிகளிலும் எழுந்தது.

இக்குறைகளை நீக்கும் நோக்கோடு, 1980 இல் ரொபேட் ஸ்பிற்சரின் தலைமையில் அமெரிக்க மனமருத்துவர் சங்கம் தனது நோய்க்கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் இன்ன அறிகுறிகளுள் இத்தனை இருத்தல் வேண்டும், இத்தனை காலம் நீடித்திருத்தல் வேண்டும், வாழ்க்கைத் தொழிலைப் பாதித்திருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. இதனால் வைத்தியரிடையே ஒருமைப்பாடு வளர்ந்தது. ஆயினும், எல்லோரும் ஒரே பெயரைக் கூறுதல் வேறு. அப்பெயர் இயற்கையில் உள்ள ஒரு நோயைச் சரியாகச் சுட்டுதல் வேறு. மனச்சிதைவையோ மனச்சோர்வையோ உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை இன்றளவும் இல்லை. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலகப் பட்டியலின் பதினோராம் திருத்தமும் அறிகுறிகளையும் போக்கையுமே பெரிதும் அடிப்படையாகக் கொண்டது.

அவ்வாறாயின் இன்று நல்ல வைத்தியர் ஒருவர் செய்வது யாது? முதலிற் கேட்கின்றார்: தொல்லை எப்போது தொடங்கியது, எவ்வாறு வளர்ந்தது, உறக்கமும் உணவும் எப்படி, குடும்பத்தில் எவருக்கேனும் முன்னர் இருந்ததா, மதுவோ பிற மருந்தோ உண்டா என வினவுகின்றார். அடுத்து நோக்குகின்றார்: தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ணத்தின் ஓட்டம், இல்லாததைக் காண்டல் கேட்டல், நினைவு, தன் நோயைத் தான் உணரும் தன்மை என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்கின்றார். தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் தயங்காது கேட்கின்றார். பின்னர் தைரொயிட்டுச் சுரப்பிக் குறை, தொற்றுநோய், மூளைக்கட்டி, வலிப்பு முதலிய உடற்காரணங்களை விலக்குகின்றார். உற்றாரிடமும் விசாரிக்கின்றார். காலம் செல்லச் செல்ல, இட்ட பெயரை மீண்டும் சோதித்துப் பார்க்கின்றார். பினெலின் கவனம், கிரெப்பலினின் பொறுமை, ஸ்பிற்சரின் அளவுகோல் ஆகிய மூன்றும் இங்கே ஒன்று சேர்கின்றன.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. உலக சுகாதார தாபனம் ஒன்பது நாடுகளில் நடத்திய மனச்சிதைவு ஆய்வின் முதல் அறிக்கை 1973 இல் வெளிவந்தது. ஒரே முறையில் விசாரித்தால் ஆக்ராவிலும் இலண்டனிலும் இபாடானிலும் இந்நோயை இனங்காண முடியும் என்று அது காட்டியது. தொடர்ந்து கவனித்தபோது, செல்வ நாடுகளைவிட இந்தியாவிலும் நைஜீரியாவிலும் நோயாளர் நன்கு தேறியதாகத் தோன்றியது. 1979 இல் நான்சி வக்ஸ்லர் என்னும் ஆய்வாளர் இலங்கை நோயாளரைப் பற்றியும் இதனையொத்த முடிபை வெளியிட்டார். நோயாளியைக் குடும்பம் தள்ளிவைக்காது, இயன்ற வேலையைக் கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொள்வதை அவர் சுட்டினார். பிற்கால அறிஞர் சிலர் இம்முடிபு எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று ஐயுற்றுள்ளனர். ஏழை நாடுகளில் சிகிச்சையின்றி அடைத்து வைக்கப்படுவோரும் உளர் என்பதை அவர்கள் நினைவூட்டினர். அந்த ஐயமும் நேர்மையானதே.

1980 இன் கையேட்டில் மற்றொரு புதிய பெயரும் இடம்பெற்றது. பேரிடருக்குப் பிந்திய மனவடு நோய் என்பது அது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைவீரர்களின் துயரத்திலிருந்து அப்பெயர் பிறந்தது. இலங்கையின் வடக்குக் கிழக்கில் நீண்ட போரும், 2004 இன் ஆழிப்பேரலையும் விளைத்த துன்பத்தை அளப்பதற்கும் அதே அளவுகோல் கொண்டுவரப்பட்டது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலும் பணியாற்றிய மனமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998 இல் தமிழர்மீது போர் விளைத்த மனவடுக்களைப் பற்றி நூல் எழுதினார். தனிமனிதனின் அறிகுறிகளை எண்ணுவதோடு ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. குடும்பமும் ஊரும் சிதைந்ததனால் ஏற்பட்ட கூட்டு வடுவையும் காண வேண்டும் என்று அவர் பின்னர் வலியுறுத்தினார். காணாமற்போன மகனுக்காக நாள்தோறும் உணவெடுத்து வைக்கும் தாயின் நிலையை, அவள் வாழும் ஊரை அறியாத அளவுகோல் முழுமையாக அளந்துவிடாது.

நம் ஊர்களில் மனநோய்க்கு முதலில் இடப்படும் பெயர் வைத்தியர் இடுவதன்று, அயலார் இடுவது. விசர் என்றும் பைத்தியம் என்றும் ஒரு சொல் தெருவில் விழுந்தால், குடும்பம் கதவைச் சாத்திக்கொள்கின்றது. மகளின் திருமணம் தடைப்படுமென்று தந்தை அஞ்சுகின்றார். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே நம் நாட்டில் நெடுங்காலம் ஏளனச் சொல்லாக வழங்கியது. இன்று அங்குள்ள வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றது. மாவட்ட வைத்தியசாலைகள் பலவற்றிலும் மனநலச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. அவ்வாறிருந்தும், நோய் முற்றிய பின்னரே பலர் அவ்வாயிலை அடைகின்றனர்.

பூசேன் சங்கிலியை அகற்றியதற்கு முன்னரே ஒன்றைச் செய்திருந்தார். நோயாளர் பேசுவதைச் செவிமடுத்தார். பட்டமில்லாத அம்மனிதர் செய்தது எந்த வீட்டாராலும் செய்யக்கூடியதே. வீட்டில் ஒருவர் உறக்கம் இழந்து, உண்ண மறுத்து, தம்முள் ஒடுங்கத் தொடங்கினால், ஏளனச் சொல்லை நாவிலிருந்து விலக்கி, அவர் கூறுவதைப் பொறுமையோடு கேட்டு, மாதங்கள் கடக்குமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை. வைத்தியர் முதலிற் கேட்கும் கேள்வி, இத்தொல்லை எப்போது தொடங்கியது என்பதாகவே இருக்கும். அதற்கு விடை கூறவல்லவர் வீட்டில் உடனிருந்து கவனித்தவரே.